ஓயாத யோசனையைக் கதையாக, படமாக மாற்றுவது எப்படி? டைரி எழுதினால் பயம் கூடுகிறது

குரோம்பேட்டை_வாசகன்

வணக்கம். ஒரே யோசனை செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும் ரகம். கேஸ் அடுப்பை மூடினோமா, ஆபீஸ் மெயிலில் ஏடாகூடமாக ஏதாவது எழுதிவிட்டோமா, அகால நேரத்தில் ஃபோன் அடித்தால் ஊரில் யாருக்கு என்ன ஆச்சோ. சிறுகதை எழுதுவதில் ஆர்வம் உண்டு, சுமாராகப் படமும் வரும். "மனசுல இருக்கறதக் கொட்டி எழுது, லேசாயிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். டைரியில் கொட்டினால் நாலு பக்கமும் ஒரே வாக்கியம்தான் வேறு வேறு வேஷத்தில் வருகிறது. முடிக்கும்போது பயம் ஆரம்பித்ததைவிட அதிகம்.

இந்த யோசனையையே சரக்காக வைத்துக் கதையோ படமோ செய்ய முடியுமா? எவ்வளவு நேரம், எந்த வரிசையில், எங்கே கோட்டை விடுவோம் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பாசிட்டிவா இருங்க", "யோகா பண்ணுங்க" வேண்டாம், ஏற்கெனவே ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது.

இரண்டாம்படி

டைரியில் எழுதுகிறவரும் நீங்கள், படிக்கிறவரும் நீங்கள், கேள்வியும் "நடந்துடுமோ?" என்ற அதே கேள்வி. அதற்குக் காகிதத்தில் பதில் கிடையாது. பதில் கிடைக்காத ஒன்றை நாலு பக்கம் கேட்டால் பயம் ஏறத்தான் செய்யும். எழுத்து வேலை ஆக வேண்டுமென்றால் கேள்வி மாற வேண்டும்: "எனக்கு என்ன ஆகும்" போய் "இந்த அம்மா அடுத்து என்ன செய்வாள்" என்று வர வேண்டும். செய்முறை எல்லாம் அந்த மாற்றத்துக்காகத்தான்.

இரண்டு நோட்டு வாங்குங்கள். ஒன்று மட்டமான ரஃப் நோட்டு, இன்னொன்று கோடு போடாத லாங் சைஸ். ரஃப் நோட்டில் 10 நிமிடம் கொட்டல், டைமர் வைத்து. அடித்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் பேனாவை மூடிவிட வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தில் கண்ணால் பார்க்க முடிகிற, கையால் தொட முடிகிற சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். ரெகுலேட்டர், சாவிக்கொத்து, செருப்பு இவற்றுக்கு வட்டம் உண்டு. "பயம்", "ஐயோ", "என்ன ஆகும்" எதற்கும் கிடையாது. ஐந்தாறு தேறினால் நல்லது, இரண்டு தேறினாலும் போதும். ஒன்றுமே தேறவில்லை என்றால் அன்றைய யோசனை கதைக்கு ஆகாத யோசனை, விட்டுவிடுங்கள். வட்டமிட்ட சொற்கள் மட்டும் இரண்டாவது நோட்டுக்குப் போகும். ரஃப் நோட்டைத் திரும்பப் படிக்கவே கூடாது. பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கேதான்: "நேத்து என்ன எழுதினேன்" என்று புரட்டிப் பார்த்தாலே பழைய சுற்று ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது நோட்டில் 25 நிமிடம். "நான்" வரக்கூடாது. ஆளின் வயது, வேலை, ஆணா பெண்ணா என்ற மூன்றில் குறைந்தது இரண்டு உங்களிடமிருந்து மாறியிருக்க வேண்டும். இடத்துக்குப் பெயர் வேண்டும்.

உங்கள் கேஸ் பயத்தையே எடுத்துக்கொள்வோம். ரஃப் நோட்டு இப்படி இருக்கும்:

"மூடினேனா தெரியலையே. மூடின மாதிரிதான் இருக்கு. மூடலைன்னா? வீட்ல யாரும் இல்ல. பக்கத்து வீட்டம்மாகிட்ட சாவி இருக்கு. கேட்டா என்ன நினைப்பாங்க. வெடிச்சா?"

இதில் வட்டம் இரண்டுக்குத்தான்: பக்கத்து வீட்டம்மா, சாவி. இப்போது கதை. ஐம்பது வயதைத் தாண்டிய பெண், எழும்பூரில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறார். குரோம்பேட்டையில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறி, பழவந்தாங்கலில் கேஸ் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டுக்கு ஃபோன். அந்த அம்மா சாவியைப் போட்டு உள்ளே போய், "மூடித்தாம்மா இருக்கு" என்கிறார். டைரியாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும், அல்லது "சரியாப் பாத்தாங்களா?" என்று மறுபடி சுற்றியிருக்கும். கதையில் பக்கத்து வீட்டம்மா ஃபோனை வைக்கவில்லை. "ஏம்மா, சிங்க்ல ரெண்டு தட்டு கெடக்கே. யாரு வந்திருந்தா?" என்று கேட்கிறார். இதற்குப் பிறகு கேஸ் மூடியிருக்கிறதா என்பதில் யாருக்கும் அக்கறை இருக்காது, எழுதுகிற உங்களுக்கும்கூட.

வடிவத்துக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏறியதும் வரும் பல்லாவரத்திலிருந்து எழும்பூர் வரை 12 ஸ்டேஷன். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு பத்தி, பத்திக்கு 80 சொல்லுக்கு மேல் கிடையாது. மொத்தம் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். பதற்றக்காரர்களுக்குச் சுதந்திரமான வெள்ளைத்தாள்தான் ஆபத்து. வண்டி சைதாப்பேட்டை வந்துவிட்டதென்றால் பத்தி முடிந்தே ஆக வேண்டும்.

கோட்டை விடும் இடங்களில் முதலாவது தகவல் தேடல். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும், கசிவுக்கு அழைக்கும் எண் 1906. ஒரு சிறுகதைக்கு இந்த மூன்றே தாராளம். நாலாவது தகவலுக்காகக் கூகுளைத் திறக்கும்போது தேடுவது உங்கள் பயம்தான், கதை கேட்கவில்லை. அடுத்தது முடிவு. பதற்றத்தில் எழுதுகிறவர்கள் கதையைக் கடைசியில் வெடிக்க வைப்பார்கள், அல்லது "எல்லாம் கனவு" என்று ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். இரண்டுமே பழைய கேள்விக்குப் பதில் சொல்லும் முடிவுகள். அவை வந்தால் அந்தப் பத்தியை வெட்டிவிட்டு அதற்கு முந்தைய பத்தியிலேயே கதையை நிறுத்திப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே நன்றாக முடிந்திருக்கும்.

உளவியல்_மேசை

மேலே சொன்ன முறை நல்ல முறை. ஆனால் உங்கள் யோசனை எந்த ரகம் என்று பிரித்துக்கொண்டு இறங்குங்கள். மெயிலில் தப்பாக எழுதிவிட்டோமா என்பது நடக்கக்கூடிய விஷயத்தைப் பற்றிய கவலை. போன வருஷம் சொன்ன ஒரு வார்த்தையை இன்றைக்கும் மெல்லுவது அசைபோடுதல். மூன்றாவது ரகம் துரத்தும் எண்ணம்: விரும்பாமலே வரும், அருவருப்போ திகிலோ தரும், வந்ததும் ஏதாவது ஒன்றைச் செய்து "சரிக்கட்டினால்தான்" அடங்கும். கை கழுவுவது, மூன்று முறை குமிழைத் தொடுவது, சாமி பெயரை மனசுக்குள் சொல்வது எல்லாம் இதில் சேரும். முதல் இரண்டுக்கும் கதை, படம் தாராளமாக உதவும். மூன்றாவதில் கவனம் வேண்டும்.

எண்ணம் வருவதே நோய் என்று பயப்பட வேண்டாம். குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ, ரயில் வரும்போது யாரையாவது தள்ளிவிடுவோமோ என்ற மாதிரி எண்ணங்கள் நோய் இல்லாதவர்களுக்கும் சர்வசாதாரணமாக வரும் என்று உளவியலாளர்கள் ராக்மேனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் 1978இல் காட்டினார்கள். வித்தியாசம் எண்ணத்துக்குக் கொடுக்கும் மரியாதையில் இருக்கிறது. அடக்கினால் போகாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் வீட்டில் சொன்னதைத்தான் உளவியலாளர் வெக்னர் 1987இல் வெள்ளைக்கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்காதே என்று அடக்கச் சொன்னவர்களுக்கு, தடையை எடுத்ததும், ஆரம்பத்திலிருந்தே நினைக்க விட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது.

"கொட்டி எழுது" என்கிற அறிவுரைக்கும் ஒரு மூலம் உண்டு. பென்னிபேக்கரும் பீயலும் 1986இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் மட்டும் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே மனநிலை மோசமாகத்தான் இருந்தது, பலன் பின்னால் தெரிந்தது. பிறகு வந்த, பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் அந்தப் பலனும் சின்னதுதான் என்கின்றன. இங்கே கவனிக்க வேண்டியது அளவு. நாலு நாளோடு நிறுத்திய விஷயத்தை வருஷக்கணக்கில் தினம் ராத்திரி செய்தால் அதற்குப் பெயர் அசைபோடுதல்.

நேரம்: கவலைக்குத் தனி வேளை ஒதுக்கும் முறை 1983இல் போர்கோவெக் குழு சோதித்தது. தினம் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று தள்ளிவைப்பது. இரண்டாம்படி சொன்ன 10 + 25 நிமிடத்தை அந்த வேளையிலேயே வைத்துக்கொள்ளலாம். மாலை சுமார் 6 மணி நல்லது. படுக்கிற இடத்தில் வேண்டாம், படுக்கப் போகும் முன்பும் வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்து "அருமையான கரு" தோன்றினால் தலைமாட்டில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஒரு பெயர்ச்சொல், ஒரு வினைச்சொல். "சாவி, கேட்டாள்." அவ்வளவுதான். ஃபோன் நோட்ஸில் எழுதப் போனால் விடிந்துவிடும்.

இனி மூன்றாவது ரகம். படைப்பு வேலையே சடங்காக மாறுவது உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. "இந்தப் பக்கத்தைச் சரியா முடிக்கலைன்னா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்" என்று தோன்றுகிறதா? கதையில் யாரையாவது சாகடித்தால் அது பலித்துவிடும் என்று அழித்து எழுதுகிறீர்களா? எழுதி முடித்ததும் "நான் கெட்டவன் இல்லைல்ல" என்று யாரிடமாவது கேட்கத் தோன்றுகிறதா? பயம் வந்தால் மட்டும் நோட்டை எடுக்கிறீர்களா, பயம் இல்லாத நாளில் கதை அப்படியே கிடக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் எழுத்து இப்போது கை கழுவுகிற வேலையைப் பார்க்கிறது. நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எண்ணமும் சடங்கும் சேர்ந்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினால், அல்லது வேலை, உறவு கெட்டால், ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்று யோசிக்கும் அளவு அது.

ஓசிடிக்கு உள்ள முக்கியமான பேச்சு சிகிச்சை, பயப்படும் விஷயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. சுருக்கமாக இஆர்பி. அதிலும் எழுத்து வரும்: நடந்துவிடுமோ என்று பயப்படுவதை நிகழ்காலத்தில், "நான்" என்று, ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் எழுதித் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். இரண்டாம்படி சொன்ன விதிகளுக்கு நேர் எதிர் என்பதைப் பாருங்கள். அது சிகிச்சை, கதை கிடையாது. பயிற்சி பெற்றவர் கூட இல்லாமல் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

மாத்திரை போட்டால் கற்பனை வற்றிவிடும் என்ற பயமும் எழுதுகிறவர்களிடம் அதிகம். ஓசிடிக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் வேலை காட்ட 8 முதல் 12 வாரம் ஆகலாம். மந்தமாக உணர்ந்தால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றலாம், நாமாக நிறுத்தக் கூடாது. ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமாவைப் பாருங்கள். சிறு வயதிலிருந்து கண்ணெதிரே பரவிய புள்ளிகளையும் வலைகளையும்தான் வாழ்நாள் முழுக்க வரைந்தார். 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தாமாகவே தங்கி, பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போய் வேலை பார்த்தார். வைத்தியமும் ஓவியமும் ஒரே தெருவில் இருந்தன. "கிறுக்கு இருந்தாத்தான் கலை" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளிப் பிரிவு உண்டு. ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் (கேஎம்சி) அரசு மருத்துவமனைகள் மூன்றிலும் மனநலத் துறை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதைக் கதையாக்க உட்காராதீர்கள், முதலில் அந்த எண்ணுக்கு ஃபோன்.

புள்ளி_அக்கா

தம்பி, கதை, டைரி எல்லாமே வார்த்தை. கவலையும் வார்த்தையாலதான் ஓடுது. அதனால வார்த்தையே இல்லாத கைவேலை ஒண்ணு பக்கத்துல வெச்சுக்கங்க. சிக்குக் கோலம் சொல்றேன். வாசல்ல இல்ல, பேப்பர்ல.

ஸ்கூல் பசங்க வாங்கற கிராஃப் நோட்டு, ஒரு நீல பால் பாயிண்ட், ஒரு சிவப்பு. பென்சில், ரப்பர் ரெண்டும் ஆகாது. 2 செ.மீ. இடைவெளியில நேர்ப்புள்ளி வைங்க, வரிசைக்கு 5 புள்ளி, 6 வரிசை. சுத்தி 1 செ.மீ. விட்டா 10க்கு 12 செ.மீ. கட்டத்துல அடங்கிடும். பக்கத்து பக்கத்துப் புள்ளி ரெண்டுக்கும் நடு மத்தியில கோடு போகணும், சாய்வா, 45 டிகிரியில. அதே நடு மத்தியில இன்னொரு கோடு அதைக் குறுக்கா வெட்டும். ஓரத்துக்கு வந்தா கடைசிப் புள்ளியைச் சுத்தி வளைஞ்சு உள்ளே திரும்பும். 30 புள்ளிக்கு 49 வெட்டு வரும். சரியாப் போனா கையை எடுக்காம ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுத்திட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேரும்.

ஏன் 5க்கு 6? ஒரு கணக்கு இருக்கு. இந்த மாதிரி நேர்ப்புள்ளிக் கட்டத்துல எங்கேயும் விடாம பின்னினா, ரெண்டு எண்ணோட மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கோடு வரும். 5க்கு 6ன்னா ஒண்ணு. 4க்கு 6 போட்டா ரெண்டு தனித்தனிக் கோடு. 5க்கு 5 போட்டா அஞ்சு. புதுசா போடறவங்க சதுரமா புள்ளி வெச்சுட்டு "ஒரே இழைல வரலையே"ன்னு தலையைப் பிச்சுக்குவாங்க, அது வரவே வராது. முதல்ல 3க்கு 4 போட்டுப் பழகுங்க, 17 வெட்டுதான்.

தப்பு எங்க வரும்னா, வெட்டிப் போக வேண்டிய இடத்துல கை தானா வளைஞ்சிடும். மண்டைக்குள்ள மெயில் யோசனை வந்தா கரெக்டா அங்கதான் வளையும், பாருங்க. வளைஞ்சா கிழிக்காதீங்க. அந்த வளைவை அப்படியே வெச்சுட்டு எதிர்ப்பக்கமும் அதே மாதிரி வளைச்சு முடிங்க, மிச்சத்தை வழக்கம்போல பின்னுங்க. பாதி நேரம் கோலம் ரெண்டு இழையாப் பிரிஞ்சிருக்கும். ரெண்டாவது இழையைச் சிவப்புல போடுங்க. அதுவும் ஒரு டிசைன்தான், ஆனா திட்டம் போட்டு வராத டிசைன்.

ஒண்ணு மட்டும். எண்ணற பழக்கம், ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு துடிக்கிற பழக்கம் ஏற்கெனவே தொந்தரவு பண்ணுதுன்னா கோலம் வேணாம். எரியற அடுப்புல எண்ணெய் ஊத்தின கதையாயிடும். அவங்களுக்கு வாட்டர்கலர் மாதிரி, கட்டுப்பாடு இல்லாம பரவற வேலை தேவலை. இல்லைன்னா நிஜமாவே வாசல்ல கோலப்பொடியில போடுங்க. எட்டு மணிக்குள்ள பால்காரர் வண்டி ஏறி எல்லாத்தையும் சமன் பண்ணிடும்.

அயனாவரம்_ஸ்கெட்ச்

படம் கேட்டிருந்தீங்க ப்ரோ. ஏ4 தாளை ரெண்டு தடவை மடிச்சுப் பிரிச்சா நாலு கட்டம். முதல் கட்டத்துல பயம் சொல்றது அப்படியே ("மெயில்ல தப்பு, மேனேஜர் முறைக்கிறார்"). ரெண்டாவதுல அதோட விளைவு. மூணாவதுல அதைத் தாறுமாறா பெருசாக்குங்க: மொத்த ஓஎம்ஆர் ரோடும் உங்க மெயிலைப் படிக்குது, சோழிங்கநல்லூர் சிக்னல்ல டிராஃபிக் போலீஸ் எழுத்துப்பிழையைக் காட்டி வண்டியை நிறுத்தறார். நாலாவதுல பெருசாக்காதீங்க, ஆறுதலும் சொல்லாதீங்க. அந்த ஆள் சாதாரணமா ஏதோ ஒண்ணு பண்றான், டிபன் பாக்ஸைத் திறக்கறான். அவ்வளவுதான்.

தடிமனான மார்க்கர் பேனாலதான் போடணும். மெல்லிசா 0.3 பேனா எடுத்தீங்கன்னா விரல் நகம் வரைக்கும் திருத்திட்டு உக்காந்திருப்பீங்க. ஒரு தாளுக்கு 20 நிமிஷம், முடிஞ்சா தேதி போட்டு ஃபைல்ல சொருகிடுங்க. உளவியல்_மேசை சொன்ன மூணாவது ரகப் பயத்தை இதுல போட்டு சிரிக்க வெக்கப் பாக்காதீங்க. வீட்டு மனுஷங்களுக்கு ஏதோ ஆகற மாதிரி வரைஞ்சிட்டு, அப்புறம் அந்தத் தாளைக் கிழிக்கவும் முடியாம வெக்கவும் முடியாம தவிப்பீங்க.

குரோம்பேட்டை_வாசகன்

எல்லோருக்கும் நன்றி. புள்ளி_அக்கா, 3க்கு 4 வந்துவிட்டது. சடங்கு விஷயத்தில் உளவியல்_மேசை கேட்ட கேள்விகளில் ஒன்று லேசாக இடிக்கிறது, 14416இல் பேசிப் பார்க்கிறேன். இன்னொரு சிக்கல்: முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. அதையே திருத்தித் திருத்தி 25 நிமிடம் போய்விடுகிறது. பயம் கேஸை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாம்படி

இது எதிர்பார்த்ததுதான், பயம் இடம் மாறும். லேப்டாப்பில் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கதையின் முதல் படி (டிராஃப்ட்) கையெழுத்தில் மட்டும். அடிக்கலாம், ஒரே கோடு, அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். தினம் முதல் பத்தியிலிருந்து தொடங்காதீர்கள். நேற்று எழுதிய கடைசி மூன்று வரி மட்டும் தெரிய, மேலே ஒரு அட்டையை வைத்து மூடிக்கொண்டு தொடருங்கள். அன்றைய வேலையைப் பாதி வாக்கியத்தில் நிறுத்துங்கள். மறுநாள் அதை முடிக்கும் சாக்கில் பேனா ஓடத் தொடங்கிவிடும். முதல் பத்தியைத் திருத்த அனுமதி கடைசிப் பத்தி எழுதிய பிறகுதான். அப்போது பெரும்பாலும் திருத்த வேண்டி இருக்காது, மொத்தமாகத் தூக்கிவிடுவீர்கள்.

படிகள் மூன்று. கையெழுத்து ஒன்று, டைப் அடிக்கும்போது மாறுவது இரண்டு, அச்செடுத்துச் சிவப்பு மையில் திருத்துவது மூன்று. நாலாவது கிடையாது. படிக்கக் கொடுத்தால் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள், "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். அது கேஸ் மூடியிருக்கா என்று கேட்பதற்குச் சமம்: "நல்லா இருக்கு" என்ற பதில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. "எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தலாம் என்று தோன்றியது?" என்று கேளுங்கள். இடத்தைக் காட்டுவார்கள், அதை வைத்து வேலை செய்யலாம். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பைப் பார்க்க எழுந்திருப்பீர்கள் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் எழுதுங்கள்.

தளைதட்டி

கதை நீளம் என்று தோன்றினால் குறள் வெண்பா எழுதிப் பாருங்கள். பதற்ற மூளைக்கு அளவெடுத்துத் தைத்த வடிவம். மொத்தம் ஏழு சீர், முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. சீர் என்பது அசைகள் சேர்ந்த துண்டு. புள்ளி எழுத்தைக் கணக்கில் விட்டால் ஓரெழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். சீரோடு சீர் சேரும் தளைக்கு விதி மூன்றுதான்: மாச்சீருக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளச்சீருக்கு அடுத்தது நேர், காய்ச்சீருக்கு அடுத்ததும் நேர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று. இதை எண்ணிக்கொண்டே "வெடிச்சிடுமோ" என்று யோசிக்க மனசில் இடம் இருக்காது, இரண்டுக்கும் வேண்டியது அதே வார்த்தைப் பட்டறைதான்.

உதாரணத்துக்கு உங்கள் கேஸே:

மூடினேன் என்றாலும் மூடவில்லை என்றுமனம்
ஓடித் திரும்பும் உலை

முதலில் "மூடினேன் அடுப்பை" என்றுதான் வாய்க்கு வரும். தளை தட்டும். மூடினேன் என்பது மூ, டினேன் என்று நேர் நிரை, கூவிளம். அடுத்தது நேரில் தொடங்க வேண்டும், "அடுப்" நிரை. அதனால் "என்றாலும்", அது தேமாங்காய். அடுத்த இரண்டும் கூவிளங்காய், நேரில் தொடங்குகின்றன. ஓடித் தேமா, அதற்கடுத்து நிரை வேண்டும், "திரும்" நிரை. திரும்பும் புளிமா, மறுபடி நிரை, "உலை" மலர் வாய்பாட்டில் முடிந்துவிட்டது. எதுகைக்கு மூடி, ஓடி. அடுப்பை எழுத வந்து உலையில் போய் முடிந்ததைக் கவனியுங்கள். எங்கே போகிறது என்பதைத் தளைதான் முடிவு செய்தது, பயத்துக்கு அங்கே வாக்கு கிடையாது.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். சீர் பிரித்துச் சரிபார்ப்பது ஒரே ஒரு தடவை, காகிதத்தில், அசைக்குக் கோடு போட்டு. மனசுக்குள் பிரித்துக்கொண்டே பஸ்ஸில் போனால் அது இன்னொரு சுற்றாகிவிடும்.

ஆவடி_பையன்

அக்கா, 6க்கு 6 வெச்சா எத்தனை இழை?

புள்ளி_அக்கா

ஆறு. ஒரே இழை வேணும்னா 6க்கு 7 வைங்க, 71 வெட்டு வரும், கிராஃப் நோட்டுல 12க்கு 14 செ.மீ. எடுத்துக்கும்.